ஐ.டி. வேலைக்கான ரெஸ்யூமே: வரிக்கு வரி எப்படிச் சீர்செய்வது?

நீங்கள் அனுப்பும் ரெஸ்யூமே பெரும்பாலும் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் ஒரு மென்பொருள் அதைத் திறந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கிறது. பிறகு ரெக்ரூட்டர், அதாவது ஆள் தேர்வு செய்யும் பணியாளர் ஒருவர், மேலோட்டமாகப் பார்க்கிறார். தேறினால், தொழில்நுட்பக் குழுவில் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் எதிரில் உட்காருகிறார். மென்பொருளுக்கு எழுத்து சிதையாமல் கிடைக்க வேண்டும். ரெக்ரூட்டருக்கு நீங்கள் இந்த வேலைக்குப் பொருந்துவீர்கள் என்பது சட்டெனத் தெரிய வேண்டும். மூன்றாமவருக்கோ உங்கள் ரெஸ்யூமேதான் வினாத்தாள். அதில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அங்கே ஒரு கேள்வியாகத் திரும்பி வரும்.

இந்த மூன்றாமவரை மனதில் வைத்து எழுதினால் பாதிப் பிழைகள் தானாக விலகிவிடும். ஒரு வரியை எழுதியதும், “இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்” என்று ஒருவர் கேட்டால் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று யோசியுங்கள். முடிந்தால் அந்த வரி இருக்கட்டும். முடியாவிட்டால் நீக்குங்கள், அல்லது படித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே வரும் மாதிரி வரிகளின் அமைப்பை மட்டும் பாருங்கள். நீங்கள் எந்த மொழியில் விண்ணப்பிக்கிறீர்களோ அந்த மொழியில் அதே அமைப்பில் எழுதிக்கொள்ளலாம்.

மென்பொருள் எதைப் படிக்கிறது, எதைத் தவறவிடுகிறது

விண்ணப்பங்களைச் சேமித்துத் தேட உதவும் மென்பொருளை ஏடிஎஸ் என்பார்கள். அது ஏதோ ரகசிய மதிப்பெண் போட்டு ஆட்களைக் கழித்துக்கட்டுகிறது என்ற பயம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் அது செய்வது அதைவிடச் சாதாரணமான வேலை: ரெஸ்யூமேயிலிருந்து பெயர், தொலைபேசி எண், பணிபுரிந்த இடங்கள், தேதிகள், திறன்கள் ஆகியவற்றைப் பிரித்துத் தனித்தனிக் கட்டங்களில் போடுகிறது. பிறகு ரெக்ரூட்டர் ‘ஜாவா’, ‘ஸ்பிரிங் பூட்’ போன்ற தொழில்நுட்பப் பெயர்களைத் தேடும்போது அந்தச் சொற்கள் உள்ளவற்றை எடுத்துக் காட்டுகிறது. தானாக நிராகரிப்பு நடப்பது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் கேள்விகளால்தான். குறைந்தபட்ச அனுபவ ஆண்டுகள், பணி அனுமதி போன்றவற்றுக்கு நீங்கள் தரும் பதில் அங்கே முடிவு செய்துவிடும். இணையத்தில் உங்கள் ரெஸ்யூமேக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் தளங்கள் தருவது அவற்றின் சொந்தக் கணக்கு. வேலை தரும் நிறுவனம் அதைப் பார்ப்பதில்லை.

ஆனாலும் எழுத்து சிதைந்தால் தேடலில் நீங்கள் அகப்படவே மாட்டீர்கள். சிதையும் இடங்கள் தெரிந்தவைதான்.

பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்திகளாகப் பிரித்த வடிவமைப்பில், சில மென்பொருள்கள் இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்துவிடும். இடப்பக்கம் உள்ள திறன் பட்டியலும் வலப்பக்கம் உள்ள அனுபவமும் ஒன்றோடொன்று கலந்துபோகும். வேர்டு கோப்பின் தலைப்புப் பகுதியில், அதாவது பக்கத்துக்குப் பக்கம் தானாக மேலே தோன்றும் இடத்தில், தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டால் அவை படிக்கப்படாமல் போக வாய்ப்பு உண்டு. டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் இதே கதிதான். படமாக வைத்த எழுத்து, ஸ்கேன் செய்த பக்கம் ஆகியவற்றிலிருந்து எதுவும் கிடைக்காமல் போகலாம். சில பிடிஎஃப் கோப்புகளில் எஃப், ஐ ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒட்டி ஒரே உருவமாக மாறிவிடும். அப்போது ‘கான்ஃபிக்’ போன்ற சொல்லின் நடுவில் ஓட்டை விழும், தேடினால் கிடைக்காது.

இதையெல்லாம் சோதிக்கக் கட்டணத் தளம் எதுவும் வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல், எழுத்து விடுபடாமல் வந்தால் பெரும்பாலான மென்பொருள்களும் படித்துவிடும். குழம்பி வந்தால் வடிவமைப்பை எளிமையாக்குங்கள்: ஒரே பத்தி, ஏரியல் அல்லது காலிப்ரி போன்ற சாதாரண எழுத்துரு, 10 முதல் 12 புள்ளி அளவு, நான்கு பக்கமும் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை விளிம்பு. பிரிவுத் தலைப்புகளில் புதுமை வேண்டாம். ‘அனுபவம்’, ‘திறன்கள்’, ‘கல்வி’, ‘புராஜெக்டுகள்’ என்று எல்லோரும் எழுதுவதையே எழுதுங்கள். ‘என் பயணம்’ என்று வைத்தால் அது அனுபவப் பகுதி என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

தேதிகளில் மாதமும் வேண்டும். ‘2022–2023’ என்று மட்டும் எழுதினால் அது 2022 டிசம்பரிலிருந்து 2023 ஜனவரி வரையிலான 2 மாதமாகவும் இருக்கலாம், முழு 24 மாதமாகவும் இருக்கலாம். மென்பொருளும் ரெக்ரூட்டரும் அதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ‘ஜூன் 2021 – மார்ச் 2024’ என்ற ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள்.

மேலே இருக்க வேண்டியது

பெயர், நாட்டுக் குறியீட்டுடன் தொலைபேசி எண், மின்னஞ்சல், ஊரும் நாடும், லிங்க்ட்இன் முகவரி, நிரல் எழுதும் வேலையென்றால் கிட்ஹப் முகவரி. இவ்வளவு போதும். வீட்டு எண், தெருப் பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பெற்றோர் பெயர், பாஸ்போர்ட் எண் ஆகியவற்றை முதல்கட்ட ரெஸ்யூமேயில் தர வேண்டியதில்லை. அவை இடத்தை அடைப்பதோடு, கோப்பு யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று தெரியாத நிலையில் உங்கள் விவரங்களை அம்பலமாக்கும். ‘மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற வரியும் கையொப்பமும் கேட்டால் மட்டும் போதும்.

அதன்கீழ் இரண்டு மூன்று வரிகளில் ஒரு சுருக்கம். ‘சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்’ என்ற பழைய நோக்க வாக்கியத்தை அழித்துவிடுங்கள். அதை எந்தத் தொழிலுக்கும், எவரும் எழுதலாம். எனவே அது யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக இப்படி: ‘4 ஆண்டு அனுபவமுள்ள பேக்எண்ட் டெவலப்பர். ஜாவா 17, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ். பணப் பரிமாற்றச் சேவைகளில் வேலை. தினமும் சுமார் 2 லட்சம் கோரிக்கைகளைக் கையாளும் ஏபிஐ-களைப் பராமரிக்கிறேன்.’ எந்த வேலை, எத்தனை ஆண்டு, எந்தக் கருவிகள், எந்தத் துறை என்ற நான்கும் அதில் வந்துவிட்டன. (போஸ்ட்கிரெஸ் ஒரு தரவுத்தளம்; ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வழி.)

திறன் பட்டியல்: குறைத்தால்தான் பலம்

நாற்பது பெயர்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கினால், நாற்பதும் தெரியும் என்று யாரும் நம்பப்போவதில்லை. எதில் நீங்கள் உண்மையில் வலுவானவர் என்பதுதான் அதற்குள் புதைந்துபோகும். வகை பிரித்து நான்கைந்து வரிகளில் எழுதுங்கள்: நிரல்மொழிகள், ஃபிரேம்வொர்க்குகள், தரவுத்தளங்கள், கிளவுட், கருவிகள். ஒவ்வொரு வரியிலும் நன்றாகத் தெரிந்தது முதலில் வரட்டும்.

‘ஜாவா – 85 சதவீதம்’ என்று நிறப்பட்டை வரைவது இன்னும் ஒழியவில்லை. எதில் 85? யார் அளந்தது? பட்டையை மென்பொருளாலும் படிக்க முடியாது. அந்த இடத்தில் எத்தனை ஆண்டு, எந்த வேலையில் பயன்படுத்தினீர்கள் என்று சொன்னால் பொருள் உண்டு.

பெயர்களைச் சரியாக எழுதுவதை ஆரம்பநிலையில் உள்ளவர்கள் கவனிப்பதில்லை. தொழில்நுட்ப ஆளின் கண் முதலில் போவது அங்கேதான். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வெவ்வேறு மொழிகள். கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி. கிட்ஹப் அதை வைத்துக்கொள்ளும் இணையத்தளம். எஸ்கியூஎல் ஒரு மொழி, மைஎஸ்கியூஎல் ஒரு தரவுத்தள மென்பொருள். ஆங்குலர்ஜேஎஸ் பழையது, 2016-இல் அடியோடு மாற்றி எழுதப்பட்டு வந்ததன் பெயர் வெறும் ஆங்குலர். இவற்றை மாற்றி எழுதினால், பட்டியலில் மீதி உள்ளவற்றின் மீதும் சந்தேகம் விழும். பதிப்பு எண் முக்கியமான இடத்தில் அதையும் சேருங்கள். ஜாவா 8-இலேயே நின்றுவிட்டவரும் 17-க்கு நகர்ந்தவரும் ஒன்றல்ல.

வேர்டு, மின்னஞ்சல், இணைய உலாவி தெரியும் என்பதை நீக்கிவிடலாம். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாகச் செயல்படுபவர்’ என்பதையும் அப்படியே. குழுவாகச் செயல்பட்டது அனுபவ வரிகளில் தெரியட்டும்.

அனுபவ வரிகள்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

ரெஸ்யூமே சீரமைப்பில் உங்களுக்கு மூன்று மணி நேரம் இருந்தால் இரண்டு மணி நேரத்தை இங்கே செலவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கே எழுதுவது தங்கள் பதவிக்கான பொறுப்பு விவரம். அந்தப் பதவியில் இருந்த எவரும் அதையே எழுதியிருக்க முடியும். உங்களைத் தனித்துக் காட்டுவது, நீங்கள் இருந்ததால் என்ன மாறியது என்பது.

ஒரே வரி எப்படி மாறுகிறது பாருங்கள்.

முதல் வடிவம்: ‘ஏபிஐ உருவாக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன்.’ என்ன ஏபிஐ, எதற்கு, தனியாகவா குழுவாகவா, ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் வடிவம்: ‘ஸ்பிரிங் பூட் பயன்படுத்தி ஆர்டர் விவரங்களைத் தேடும் ஏபிஐ-யை உருவாக்கினேன்.’ செயலும் கருவியும் வந்துவிட்டன. விளைவு இன்னும் இல்லை.

மூன்றாம் வடிவம்: ‘ஆர்டர் தேடல் ஏபிஐ-யின் பதில் நேரத்தை 2 நொடியிலிருந்து 400 மில்லிநொடியாகக் குறைத்தேன்; போஸ்ட்கிரெஸில் விடுபட்டிருந்த இண்டெக்ஸைச் சேர்த்து, அடிக்கடி கேட்கப்படும் முடிவுகளை ரெடிஸில் தேக்கிவைத்தேன்.’

(இண்டெக்ஸ் தரவுத்தளத்தில் தேடலை வேகப்படுத்துவது; ரெடிஸ் முடிவுகளைத் தேக்கிவைக்கும் மென்பொருள்.) இந்த மூன்றாவது வரியைப் படிப்பவர் என்ன கேட்பார்? இண்டெக்ஸ் விடுபட்டதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தேக்கிவைத்த தரவு பழசாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? உண்மையில் அந்த வேலையைச் செய்தவருக்கு இவை பிடித்தமான கேள்விகள். ரெஸ்யூமே மூலம் நேர்காணலின் திசையை நீங்களே தீர்மானிக்கலாம் என்பதன் பொருள் இதுதான். செய்யாதவருக்கு இதே வரி கண்ணிவெடி.

‘என் வேலையில் எண்ணே கிடையாதே’ என்பது வழக்கமான பதில். தேடினால் கிடைக்கும். எத்தனை பேர் பயன்படுத்தினார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை கோரிக்கைகள்? அட்டவணையில் எத்தனை வரிகள்? குழுவில் எத்தனை பேர்? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ரிலீஸ்? பில்ட் முடிய எத்தனை நிமிடம் ஆனது, இப்போது எத்தனை? கையால் செய்த எந்த வேலையை ஸ்கிரிப்ட் எழுதி ஒழித்தீர்கள், அதற்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது? துல்லியமாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்று போடுங்கள்; எப்படிக் கணித்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எண் போடும் ஆசையில் கணக்கை மறந்துவிடுபவர்களும் உண்டு. ‘பதில் நேரத்தை 300 சதவீதம் குறைத்தேன்’ என்று எழுதினால் சர்வர் கேள்வி வருமுன்பே பதில் அனுப்புகிறது என்று அர்த்தம். நூறு சதவீதத்துக்கு மேல் நேரத்தைக் குறைக்க முடியாது. ‘99.9 சதவீத அப்டைம்’ என்று எழுதினால், 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் சேவை நிற்கலாம் என்று பொருள்; இன்னொரு 9 சேர்த்து 99.99 ஆக்கினால் வெறும் 4 நிமிடம்தான். அந்த வித்தியாசத்தை விளக்கத் தெரியாமல் ஒன்பதுகளைச் சேர்க்கக் கூடாது.

‘நாங்கள்’ என்று எழுதுவதையும் தவிருங்கள். குழு செய்த வேலையில் உங்கள் பங்கு எது? ‘6 பேர் குழுவில் பணம் செலுத்தும் பகுதியை நான் எழுதினேன்’ என்பது நேர்மையானது, தெளிவானது. முழுப் புராஜெக்டையும் உங்கள் பெயரில் எழுதினால் இரண்டாவது துணைக்கேள்வியில் குட்டு உடைந்துவிடும்.

இப்போதைய வேலைக்கு நான்கைந்து வரிகள், முந்தையதற்கு மூன்று, அதற்கும் முந்தையதற்கு ஒன்றிரண்டு என்று பழையது போகப் போகச் சுருக்குங்கள். புதியது மேலே. வாடிக்கையாளர் பெயரை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் ‘ஒரு தனியார் வங்கி’, ‘ஒரு காப்பீட்டு நிறுவனம்’ என்று எழுதலாம். அதனால் மதிப்பு குறையாது.

டெவலப்பர் அல்லாதவர்கள் எதை அளப்பது? டெஸ்டர் என்றால் எத்தனை டெஸ்ட் கேஸ், அதில் எத்தனை ஆட்டோமேஷன் ஆனது, ரிக்ரெஷன் சுற்று (பழைய வசதிகள் கெடவில்லையா என்று மறுபடி சோதிப்பது) 6 மணி நேரத்திலிருந்து எவ்வளவாகக் குறைந்தது, ரிலீஸுக்கு முன்பே பிடித்த பெரிய பிழை எது. சப்போர்ட் என்றால் மாதத்துக்கு எத்தனை டிக்கெட், அவற்றில் எத்தனை கெடுவுக்குள் முடிந்தன, திரும்பத் திரும்ப வந்த எந்தப் பிரச்சினையை வேரோடு தீர்த்தீர்கள். டெவ்ஆப்ஸ் (மென்பொருளை வெளியிட்டு இயக்கும் பணி) என்றால் எத்தனை சர்வர், டிப்ளாய்மெண்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை, கோளாறு வந்தால் மீள எவ்வளவு நேரம், கிளவுட் பில் எவ்வளவு குறைந்தது. தரவு ஆய்வாளர் என்றால் எவ்வளவு தரவு என்பதைவிட, உங்கள் அறிக்கையைப் பார்த்து யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பது பெரிது.

அனுபவம் இல்லாதவர்களுக்கு

இங்கே புராஜெக்டுகள்தான் அனுபவம். எனவே அவை கல்விக்கு மேலே வரலாம். இரண்டோ மூன்றோ போதும், ஆனால் அவை உங்களுடையவையாக இருக்க வேண்டும். செய்ய வேண்டியவை பட்டியல், வானிலை காட்டும் செயலி, கால்குலேட்டர் ஆகியவற்றைக் காணொலி பார்த்து எல்லோரும் செய்திருக்கிறார்கள். அதே செயலியைக்கூட உங்களுடையதாக்கலாம்: யாராவது நான்கு பேர் உண்மையில் பயன்படுத்தும்படி இணையத்தில் ஏற்றுங்கள், டெஸ்ட் எழுதுங்கள், நெட்வொர்க் துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். அங்கே பட்ட பாடுதான் ரெஸ்யூமேயில் எழுதத்தக்க வரி.

கிட்ஹப் முகவரி தந்தால் அதைத் திறந்து பார்ப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுயவிவரப் பக்கத்தில் 6 தொகுப்புகள் (ரெப்பாசிட்டரிகள்) வரை முன்னிறுத்தலாம். நல்லவற்றை மட்டும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ரீட்மீ கோப்பு இருக்கட்டும்: இது என்ன செய்கிறது, எப்படி இயக்குவது, ஒரு ஸ்கிரீன்ஷாட், தெரிந்த குறைகள். கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ நிரலுக்குள் கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கிடந்தால் அந்த வரியை அழிப்பது மட்டும் போதாது. கிட் பழைய பதிவுகளையும் வைத்திருப்பதால் யாரும் பின்னால் போய் எடுக்கலாம். சாவியையே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும்.

மதிப்பெண் நன்றாக இருந்தால் எழுதுங்கள். பள்ளி விவரங்களை, கேட்டால் தவிர, நீட்ட வேண்டாம். சான்றிதழ்களில் பெயர், வழங்கிய அமைப்பு, மாதம், ஆண்டு வேண்டும். காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமேசான் கிளவுட் சான்றிதழ்கள் 3 ஆண்டுக்குத்தான் செல்லும். மைக்ரோசாஃப்ட் அஸ்யூரில் அடிப்படைநிலைச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. அசோசியேட் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவற்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரண்டு மணி நேரக் காணொலி முடித்ததற்குக் கிடைத்த பத்துச் சான்றிதழ்களை அடுக்குவதைவிட, தேர்வெழுதிப் பெற்ற ஒன்று மேல்.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு நகல்

செய்த அனைத்தையும் எழுதிய ஒரு மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். அது ஐந்து பக்கம் போனாலும் சரி, யாருக்கும் அனுப்பப்போவதில்லை. வேலை விளம்பரம் வந்ததும் அதில் ‘கட்டாயம்’ என்று கேட்பவற்றையும் ‘இருந்தால் நல்லது’ என்று கேட்பவற்றையும் தனியாகக் குறியுங்கள். கட்டாயம் என்பவற்றில் உங்களிடம் இருப்பவை முதல் பக்கத்தின் மேல்பாதியில், விளம்பரம் பயன்படுத்திய அதே சொல்லில் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கப் பெயரும் முழுப் பெயரும் ஒருமுறையாவது சேர்ந்து வரட்டும். தேடுபவர் எதைத் தட்டச்சு செய்வார் என்று தெரியாது. பழகிவிட்டால் இருபது நிமிட வேலை. கட்டாயம் என்பதில் ஒன்றிரண்டு குறைந்தாலும் விண்ணப்பிக்கலாம். பாதிக்குமேல் இல்லையென்றால் வேறு விளம்பரம் பார்ப்பது நல்லது.

விளம்பரத்தின் சொற்களை வெள்ளை நிற எழுத்தில் மறைத்து ஒட்டிவைக்கும் தந்திரத்தைச் செய்யாதீர்கள். மென்பொருள் பிரித்தெடுத்த எழுத்தில் நிறம் இருக்காது. மறைத்ததெல்லாம் ரெக்ரூட்டர் திரையில் வெட்டவெளிச்சமாகத் தெரியும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் மெருகேற்றக் கொடுத்தால், நீங்கள் தொடாத தொழில்நுட்பத்தையும் செய்யாத சாதனையையும் அது சேர்த்துவிட்டதா என்று வரிக்கு வரி சரிபாருங்கள். அது எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வேலையில் இடைவெளி இருந்தால் தேதியை நீட்டி மறைக்க வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் முந்தைய நிறுவனத்திடம் முதலில் கேட்பதே சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகியவற்றைத்தான். வேலையில் சேர்ந்த பிறகு பொய் தெரியவந்தாலும் வேலை போகலாம். ‘ஜனவரி – ஆகஸ்ட் 2023: குடும்பப் பராமரிப்பு’ என்று ஒரு வரி போதும், அந்தக் காலத்தில் ஏதாவது கற்றிருந்தால் அதையும் அங்கேயே சொல்லலாம்.

அனுப்புவதற்கு முன்

எட்டுப் பத்து ஆண்டு அனுபவம் வரை ஒரு பக்கம் போதும். அதற்கு மேல் இரண்டு. இரண்டாம் பக்கத்தில் நான்கு வரி மட்டும் தொங்கினால் சுருக்குங்கள். வேறு வடிவம் கேட்காதவரை பிடிஎஃப் அனுப்புங்கள். வேர்டு கோப்புதான் வேண்டும் என்றால் அதையே கொடுங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். ‘ரெஸ்யூமே ஃபைனல் புதுசு 3’ என்ற பெயரில் ஒரு கோப்பை ரெக்ரூட்டரால் மறுபடி தேடி எடுக்க முடியாது.

இணைப்புகளை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் நுழைந்த நிலையில் எல்லாம் சரியாகத் திறக்கும். கிட்ஹப் தொகுப்பு தனிப்பட்டதாகவே இருந்தால் அடுத்தவருக்கு ‘பக்கம் இல்லை’ என்ற 404 பக்கம்தான் தெரியும். பிறகு முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், தொலைபேசி எண்ணை இலக்கம் இலக்கமாக.

அனுப்பிய பின் அந்த நகலையும் விளம்பரத்தின் வாசகத்தையும் நிறுவனம், தேதி பெயரிட்ட ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது விளம்பரம் தளத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். எந்த நகலை வைத்துக்கொண்டு அவர் கேள்வி கேட்கிறாரோ, அதே நகல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.